கிளாஸக்காவின் மூக்கு

பத்தொன்பது வருஷத்தில் ஒரு கிளாஸைக்கூட உடைக்காத ஆள் எங்காவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம். அந்த ஹோட்டலின் பாருக்குப் பின்னால், கதவைத் தள்ளினால் நாலடி இடம். இரண்டு தொட்டி, ஒரு வெந்நீர்க் குழாய், தலைக்கு மேலே கிறீச்சென்று சுற்றும் ஒரு மின்விசிறி. அங்கே நின்று அவள் கழுவிய கிளாஸ்களை வரிசையாக வைத்தால் அந்த நகரத்தையே இரண்டு சுற்றுச் சுற்றி வரும். உடைந்தது ஒன்றுமில்லை. அதனால்தான் கிளாஸக்கா என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் கிடந்தது.

படிப்பு நாலாம் வகுப்பு. அதற்கு மேல் படித்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. படித்தவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தட்டில் வந்து இறங்கும் ஒவ்வொரு காலி கிளாஸையும் தொட்டியில் முக்குவதற்கு முன்னால் ஒரு தடவை மோந்து பார்ப்பாள். பாலும் முட்டையும் கலந்த பானம் ஊற்றிய கிளாஸ் விஸ்கி கிளாஸோடு ஒரே தொட்டியில் விழுந்தால் எல்லாவற்றிலும் கவிச்சி ஏறிவிடும். எவ்வளவு துடைத்தாலும் போகாது. அதனால் மோந்து, இது இந்தத் தொட்டி, அது அந்தத் தொட்டி என்று பிரித்துப் போடுவாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒரு நாளைக்கு இருநூறு கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதியைக் கணக்கு வாத்தியார் யாராவது பெருக்கிப் பார்த்துக்கொள்ளட்டும்.

வினை கையில் வந்தது. முதலில் விரல் இடுக்கில் அரிப்பு. பிறகு தோல் வெடித்தது. பிறகு வெடித்த இடத்தில் ரத்தம். ரப்பர் கையுறை போட்டுப் பார்த்தாள். உள்ளே வேர்த்துப் புழுங்கி இன்னும் மோசமாகிவிட்டது. தோல் டாக்டர் இரண்டு கையையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா தண்ணியில இருக்கு இந்தக் கை?"

"எங்க டாக்டர், வெளியிலதான் எப்பவாவது இருக்கும்."

"இனிமே வைக்கக் கூடாது. சோப்பும் வெந்நீரும் இன்னும் ஒரு வருஷம் பட்டுச்சுன்னா விரலை மடக்க முடியாமப் போயிடும்."

கொடுத்த களிம்பு கருப்பாக, புதுசாகப் போட்ட ரோடு மாதிரி தார் வாடை அடித்தது. படுக்கும்போது மட்டும் தடவு என்றார்.

மறுநாள் மேனேஜரிடம் போய் நின்றாள். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்புகிற ரகம்.

"அக்கா, எனக்கு மனசு இருக்கு, இடம் இல்ல. ரூம் துடைக்கிற வேலையும் தண்ணிதான், துணி துவைக்கிறதும் தண்ணிதான். இந்த மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. அப்புறம் வேற எங்கயாவது..."

"வேற எங்க சார்? எனக்கு நாப்பத்தெட்டு வயசு. கழுவுறதைத் தவிர என்ன தெரியும்னு எவன் என்னைக் கூப்பிடுவான்?"

மேனேஜர் பேனாவை மூடித் திறந்தார். அவருக்கும் ஒரு தலைவலி இருந்தது. பார் கவுன்ட்டரில் நின்று விஸ்கி ஊற்றும் பையன், எல்லாரும் பார் தம்பி என்று கூப்பிடுவார்கள், கப்பலில் வேலை கிடைத்து மாசக் கடைசியில் கிளம்புகிறான். அந்த இடத்துக்குச் சான்றிதழோடு இரண்டு பேர் மனுப் போட்டிருந்தார்கள்.

"அந்த இடத்தை எனக்குக் குடுங்க சார்," என்றாள் கிளாஸக்கா.

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை இருமலாக மாற்றினார். "விஸ்கியப் பத்தி உங்களுக்கு என்னக்கா தெரியும்? வாழ்க்கையில ஒரு சொட்டு குடிச்சிருக்கீங்களா?"

"குடிச்சதில்ல. ஆனா என் தொட்டிக்கு வராத விஸ்கி இந்த பார்ல இல்ல சார்."

அந்தப் பதிலில் என்ன இருந்ததோ, மேனேஜர் யோசித்தார். கடைசியில் இப்படி முடிவாயிற்று. பாரில் எட்டு விலையுயர்ந்த விஸ்கி இருக்கின்றன. மூன்று வாரம் கழித்து அதில் ஆறை, பாட்டிலைக் காட்டாமல், ஊற்றி வைப்பார். ஐந்தையாவது சரியாகச் சொல்ல வேண்டும். ஒன்றைப் பற்றி, வந்து உட்கார்ந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரிப் பேச வேண்டும். முடிந்தால் கவுன்ட்டர். முடியாவிட்டால் மாசக் கடைசி.

தினமும் மூன்று மணிக்கு, பார் திறப்பதற்கு முன்னால், ஒரு மூடி அளவு ஊற்றிப் பழகிக்கொள்ள அனுமதியும் கிடைத்தது. முதல் நாள் பார் தம்பி ஊற்றிக் கொடுத்ததை வாங்கி, கண்ணை இறுக மூடி, ஒரே மடக்கு. தொண்டையில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து இழுத்த மாதிரி இருந்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது.

"அக்கா, அது இருமல் மருந்து இல்ல!" தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சிரிக்காத. இதைக் காசு குடுத்து வேற குடிக்கிறாங்களா?"

"குடிக்க வேணாம். முதல்ல மோந்து பாருங்க. மூக்கை உள்ள விடாதீங்க, தாடைக்கிட்ட வைங்க. வாயை லேசாத் திறந்துக்குங்க. இப்ப மெதுவா இழுங்க. அப்புறம் ஒரு அரிசி அளவு நாக்குல போட்டு, சுத்தவிட்டு, இந்தக் கிண்ணத்துல துப்பிடுங்க."

"துப்புறதுக்கா இவ்வளவு விலை?"

"பழகுறவங்க துப்பணும்க்கா. முழுங்கினா மூணாவது கிளாஸ்ல எல்லாமே ஒண்ணாத் தெரியும்."

வயதில் பாதிகூட இல்லாத பயல். ஆனாலும் கிளாஸக்கா சொன்னபடி செய்தாள். கற்றுக்கொள்வதில் வெட்கம் பார்க்கிறவள் பத்தொன்பது வருஷம் ஒரு தொழிலில் நிற்க முடியாது. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் எரிச்சல் அடங்கி, மூடிக்கொண்டிருந்த வாசனை திறக்கும் என்பதையும் தம்பிதான் காட்டினான். அதை அவள் இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டாள்.

தகராறு வார்த்தையில் வந்தது. தம்பியிடம் ஒரு வட்டப் படம் இருந்தது. சான்றிதழ் வகுப்பில் கொடுத்தது. வட்டத்தைச் சுற்றி நாற்பது ஐம்பது வாசனைகள் எழுதியிருந்தன, பாதி அவர்கள் கண்ணால் பார்த்திராத பழங்கள்.

"இதுல இந்தப் பழத்தோட வாசனை இருக்குக்கா," என்று ஒன்றைத் தொட்டுக் காட்டினான்.

"அந்தப் பழத்தை நீ தின்னிருக்கியா?"

"இல்ல."

"மோந்தாவது பாத்திருக்கியா?"

"இல்லக்கா."

"அப்ப இதுல அது இருக்குன்னு எப்படிச் சொல்றே?"

"புத்தகத்துல போட்டிருக்கு."

"உன் மூக்கு உன் மூஞ்சியிலதானே இருக்கு? புத்தகத்துலயா இருக்கு?"

அன்றிலிருந்து அந்த வட்டப் படம் கவுன்ட்டருக்கு அடியில் போய்விட்டது. பாட்டில்மேல் எழுதியிருந்த வெளிநாட்டுப் பெயர்களும் அவள் வாயில் நுழையவில்லை. அவளே பெயர் வைத்தாள்: கொக்குக் கழுத்து, குண்டு, சதுரம், கப்பல், கருப்பு மூடி, மஞ்சள் சீட்டு, கல்யாணப் பெண். கடைசிப் பாட்டிலுக்குத் தங்கச் சரிகை சுற்றியிருந்தது, அதனால். வாசனைகளும் அவளுடையவை. கொக்குக் கழுத்து, பென்சில் சீவின டப்பாவில் யாரோ தேன் சிந்திய மாதிரி. குண்டு, நெடுநாள் பூட்டிக் கிடந்த மர பீரோவைத் திறந்த மாதிரி, உள்ளே காய்ந்த திராட்சைப் பொட்டலம். சதுரம், வெட்டின புல்லும் ஆப்பிள் தோலும். தம்பி முதலில் கேலி செய்தான். பிறகு கிளாஸை எடுத்து மோந்துவிட்டு, "அட, ஆமா," என்றான். அதற்கப்புறம் அவனே ஒரு சீட்டில் எழுதிக்கொள்ள ஆரம்பித்தான்.

மற்ற ஏழும் மேல் தட்டில் இருக்க, எட்டாவது பாட்டில் மட்டும் அதற்கும் மேலே தனியாகக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. விலையைக் கேட்டவுடனேயே ஆட்கள் தண்ணீர் கேட்பார்கள். அதை இதுவரை யாரும் வாங்கியதில்லை, முத்திரைகூட உடையவில்லை. "அதை வைக்க மாட்டாருக்கா, விடுங்க," என்றான் தம்பி.

வீட்டில்தான் பெரிய வழக்கு. கணவன் டாக்ஸி ஓட்டுகிறவன். குடித்துவிட்டு ஏறுகிறவர்கள் பின் ஸீட்டில் செய்துவைக்கிற அசிங்கத்தைத் துடைத்துத் துடைத்து, அந்த வாடை என்றாலே அவனுக்கு ஆகாது. கூடவே இருக்கும் நாத்தனார் தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே ஊரை ஆள்கிறவள்.

"அண்ணி, எங்க, வாயை ஊதுங்க பாக்கலாம்," என்றாள் நாத்தனார்.

"நீ என்ன போலீஸா?"

"அண்ணன் குடிக்காத வீட்ல அண்ணி குடிக்கிறாங்கன்னு வெளிய தெரிஞ்சா எனக்கு எவன் தைக்கத் துணி குடுப்பான்?"

"துப்பிட்டேன்டி. ஒரு சொட்டு உள்ள போகல."

"துப்பினதுக்கே இந்த வாசமா!"

கணவன் அவள் கையை எடுத்துப் பார்த்தான். வலது கைப் பெருவிரல் கணுவில் புதிதாக ஒரு வெடிப்பு. "இந்தக் கவுன்ட்டர் கிடைச்சா, தண்ணியில கை வைக்க வேணாம்தானே?" என்றான்.

"வேணாம்."

"அப்ப சரி. என்ன செய்யணும் சொல்லு."

அதுதான் மனுஷன். மறுநாள் காலை அவள் கண்ணில் துண்டைக் கட்டி உட்காரவைத்தான். பெல்ட்டு, பென்சில், தேயிலைத் தூள், தேன் பாட்டில், டாக்ஸியின் பழைய ஸீட் உறை என்று ஒவ்வொன்றாக மூக்குக்கு நேரே நீட்டினான். எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் சத்தமில்லாமல் எழுந்துபோய் எதையோ கொண்டுவந்து நீட்டினாள்.

"உன் அண்ணன் ஸாக்ஸ். இடது கால்," என்றாள் கிளாஸக்கா.

"இடதுன்னு எப்படித் தெரியும்?"

"இடது கால்லதான் அவரு கிளட்ச் மிதிப்பாரு. ரப்பர் வாடை."

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் துண்டு அவிழ்ந்து விழுந்தது.

ஆனால் வாசனை கண்டுபிடிப்பது வேறு, பிடித்துப்போவது வேறு. அது பதினோராம் நாள் நடந்தது. கருப்பு மூடி விஸ்கி புகை நாற்றம் பிடித்தது. வயர் கருகிய மாதிரி இருக்கிறது என்று முதல் வாரம் முழுக்க அதைத் தள்ளித் தள்ளி வைத்தாள். அன்று மூன்று மணிக்கு நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, உள்ளங்கையில் கிளாஸை வைத்துச் சூடாக்கி, அவசரப்படாமல் மோந்தாள். முதலில் அதே புகை. பிறகு அந்தப் புகைக்குப் பின்னால் ஒரு இனிப்பு, வரலாமா வேண்டாமா என்று தயங்குகிற மாதிரி எட்டிப் பார்த்தது. நாக்கில் வைத்தாள். கரி, உப்பு, அப்புறம் அந்த இனிப்பு முழு உருவத்தோடு வந்து நின்றது.

"என்னக்கா ஆச்சு?" என்றான் தம்பி.

"சும்மா இரு. வந்துகிட்டிருக்கு."

அன்று தொட்டிக்குத் திரும்பிப் போன பிறகும் அரை மணி நேரம் யாரிடமும் அவள் பேசவில்லை. பேசினால் வாயிலிருந்து போய்விடுமோ என்று பயம். பெரிய பெரிய மனிதர்கள் ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டு போன சரக்கு. அதற்குள் இப்படி ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதை இந்த நாலாம் வகுப்புதான் கண்டுபிடித்தது.

சோதனை வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருந்த மேனேஜர், வியாழக்கிழமை மூன்றரை மணிக்கே கூப்பிட்டு அனுப்பினார். மறுநாள் அவருக்கு வேறு வேலையாம். அன்று காலையில்தான் அவளுக்குக் கை வெடித்து ரத்தம் வந்திருந்தது. வலி தாங்காமல் மத்தியானம் அந்தக் கருப்புக் களிம்பை மணிக்கட்டு வரை தடவிக்கொண்டிருந்தாள். கூப்பிட்ட அவசரத்தில் துணியில் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

கவுன்ட்டரில் ஆறு கிளாஸ், ஆறு எண் சீட்டு. பாட்டில்கள் திரைக்குப் பின்னால். மேனேஜர் கையில் காகிதம். தம்பி ஓரமாக நின்று, பரீட்சை எழுதுகிறவன் அவன்தான் என்பது போல நகத்தைக் கடித்தான்.

முதல் கிளாஸைத் தூக்கினாள். மோந்தாள். "கருப்பு மூடி," என்றாள்.

மேனேஜர் காகிதத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார். தம்பியின் முகம் தொங்கிப்போனது.

இரண்டாவதைத் தூக்கினாள். அதுவும் புகை. மூன்றாவதும் புகை. பழகின ஏழு பாட்டிலில் புகைகிறது ஒன்றுதான்; மூன்று எங்கிருந்து வரும்? இன்னொன்று தப்பினால் மாசக் கடைசி. கிளாஸைக் கீழே வைத்தாள். கையும் கீழே போனது. புகையும் போய்விட்டது. மறுபடி கையை மட்டும் வெறுமனே மூக்குக்குக் கொண்டுவந்தாள்.

"சார்," என்றாள், "தப்பு விஸ்கியில இல்ல. என் கையில. தார்க் களிம்பு."

"அக்கா, முதல்ல சொன்னது சொன்னதுதான். அதை மாத்த முடியாது."

"மாத்த வேணாம். போட்ட பெருக்கல் அங்கயே இருக்கட்டும். மீதி அஞ்சையும் சொல்றேன். ஆனா நான் கேக்குற மாதிரி வைக்கணும்."

"எப்படி?"

"ஊத்தி வச்ச சரக்கை மோக்குறதுல நான் நேத்துப் பிள்ளை சார். எனக்குக் காலி கிளாஸ் வேணும். தம்பி, அந்த அஞ்சுக்கும் வேற கிளாஸ் எடு. இதுல இருக்கிறதை அதுல ஊத்தி, ஒரு சுத்து சுத்தி, மறுபடி இதுலயே கொட்டிடு. ஒரு சொட்டு வீணாகாது. எண் சீட்டு மாறாமப் பாத்துக்க. கால் மணி நேரம் அப்படியே இருக்கட்டும்."

"காலி கிளாஸ்ல என்ன இருக்கும்?" என்றார் மேனேஜர்.

"எரிச்சல் எல்லாம் பறந்து போயிடும் சார். போக மனசில்லாதது மட்டும் தங்கும். பத்தொன்பது வருஷமா என்கிட்ட வந்தது அதுதான்."

கால் மணி நேரம் போனது. பிறகு கிளாஸக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஏப்ரன் கயிற்றுக்குள் செருகிக்கொண்டு, ஒன்றையும் தொடாமல், கவுன்ட்டர்மேல் குனிந்தாள். கோழி தண்ணீர் குடிக்கிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையை இறக்கினாள்.

"ரெண்டு, குண்டு. மூணு, கொக்குக் கழுத்து. நாலு..." கொஞ்சம் நின்றாள். "கப்பல். அஞ்சு, கல்யாணப் பெண்ணு."

மேனேஜருக்கு இந்தப் பெயர்கள் புரியவில்லை. தம்பி தன் சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் பாட்டில் பெயரை வாசித்தான். நாலும் சரி. மேனேஜரின் பேனா இப்போது மெதுவாக நகர்ந்தது.

ஆறாவதுக்குக் குனிந்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். மூன்றாம் தடவை குனிந்தபோது தம்பி நகத்தை விட்டுவிட்டு விரலையே கடித்தான்.

"இது என் தொட்டிக்கு வந்ததே இல்ல சார்," என்றாள்.

"அப்ப தெரியலைன்னு எழுதிக்கவா?"

"எழுதாதீங்க. கீழ இருக்கிற ஏழும் என் கையில முங்கினது. இது அந்த ஏழுல இல்ல. அப்ப அலமாரிக்குள்ள பூட்டி வச்சிருந்ததை நீங்க திறந்திருக்கீங்க."

மேனேஜர் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். "சரி, நான் விருந்தாளி. இதை நான் ஏன் குடிக்கணும்? சொல்லுங்க."

"சொல்றதுக்கு முன்னால வாயில போட்டுப் பாக்கணும். தம்பி, நீயே பிடி."

தம்பி கிளாஸில் ஒரு மூடி அளவு ஊற்றி, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, அவள் உதட்டில் வைத்தான். அவள் கண்ணை மூடவில்லை. ஒரு அரிசி அளவு. நாக்கில் சுழன்றது. துப்புகிற கிண்ணத்தைத் தம்பி நீட்டினான். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். விழுங்கினாள்.

"துப்பலையா?" என்றார் மேனேஜர்.

"இதைத் துப்பினா செஞ்சவன் மனசு நோகும் சார்." அவள் குரல் இறங்கியிருந்தது. "நீங்க சின்ன வயசுல புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்திருக்கீங்களா? அந்தத் தோலு, அந்தக் காகிதம். முதல்ல அது வரும். பறந்துபோறதுக்கு விடாதீங்க. நாக்கு நடுவுல வச்சுக்குங்க. சர்க்கரை கருகுறதுக்கு ஒரு நிமிஷம் முன்னால எப்படி இருக்கும், அது வரும். அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லைன்னு நினைப்பீங்க. பேசாம இருங்க. மூச்சை வெளிய விடும்போது மழை பெஞ்ச மரப்பலகை மாதிரி ஒண்ணு. அது போகவே போகாது. நான் இப்பப் பேசுறேன், இன்னும் இருக்கு."

மேனேஜர் தம்பியைப் பார்த்தார். தம்பி அவருக்கும் ஒரு மூடி ஊற்றினான். அவர் குடித்தார், பேசாமல் இருந்தார், மூச்சை விட்டார்.

"மரப்பலகை," என்றார், அவர் அறியாமலே.

அதன் பிறகு அந்தக் காகிதத்தை அவர் திருப்பிப் பார்க்கவில்லை. சான்றிதழ்க்காரர்கள் இருவருக்கும் நாளைக்குத் தகவல் சொல்லிவிடு என்று தம்பியிடம் சொன்னார். கண்ணாடி அலமாரிச் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் இன்னும் கையை முதுகுக்குப் பின்னால்தான் வைத்திருந்தாள்.

"கையில குடுக்காதீங்க சார், தார் ஒட்டிக்கும். ஏப்ரன் பையில போடுங்க."

போட்டார்.

"முதல் தேதியில இருந்து நிக்கிறீங்க. வேற ஏதாவது வேணுமாக்கா?"

கிளாஸக்கா மேல் தட்டைப் பார்த்தாள், பூட்டிய அலமாரியைப் பார்த்தாள். கவுன்ட்டரில் நிற்கிறவள் பார்க்கிற பார்வை அதற்குள் வந்துவிட்டது.

"அந்தப் பாட்டிலை அங்கிருந்து எடுத்துக் கீழ் தட்டுல, கண்ணுக்கு நேரா வைங்க சார். பூட்டி வச்சா அதுக்குள்ள என்ன இருக்குன்னு எவன் வந்து கேப்பான்?"

மேனேஜர் விலையைச் சொல்ல வாயெடுத்தார். தம்பி ஏற்கெனவே ஏணியை எடுக்கப் போயிருந்தான்.